ஹைஃபன், புள்ளி, பெரிய எழுத்து: செக்யூரிட்டி டாக்ஸ்ல தேட டெர்மினல் டூல் ஒண்ணு கட்டலாம் வாங்க

நெட்வொர்க் ஸ்கேன் பண்ற டூலான என்மேப்ல ஒரு ஹைஃபன், சின்ன எஸ், சின்ன என் அடிச்சா எந்தெந்த மெஷின் உயிரோட இருக்குன்னு மட்டும் பாத்துட்டு போர்ட் பக்கமே போகாம வந்துடும். அதே இடத்துல கடைசி எழுத்தை மட்டும் பெரிய என் ஆக்கினா அது டிசிபி நல் ஸ்கேன், ஒரு ஃபிளாக்கும் செட் பண்ணாத பாக்கெட்டை போர்ட் போர்ட்டா அனுப்பும், எதிர்ல ஊடுருவலைக் கண்டுபிடிக்கிற ஐடிஎஸ் இருந்தா அலாரம் அடிக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஷிஃப்ட் கீ ஒண்ணுதான் வித்தியாசம். இப்ப இந்த ரெண்டையும் ஒரு சாதாரண சர்ச் பாக்ஸ்ல போட்டுத் தேடுங்க, ஹைஃபனைக் குப்பைன்னு தூக்கிப் போட்டுடும், பெரிய எழுத்தைச் சின்னதாக்கிடும், கடைசில ரெண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் வரும்.

செக்யூரிட்டி டாக்குமெண்ட்ல நாம தேடுறதே பாதி நேரம் இந்த மாதிரி சமாச்சாரம்தான். ஹைஃபன் போட்ட ஆப்ஷன், புள்ளி வச்ச வயர்ஷார்க் (பாக்கெட்டைப் பிரிச்சுப் பாக்குற டூல்) ஃபில்டர், அண்டர்ஸ்கோர் போட்ட சுரிகாட்டா (ஒரு ஐடிஎஸ்) கீவேர்டு, டாலர் போட்ட வேரியபிள், சிவிஇ நம்பர் (பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்குற அடையாள எண்). மத்தவங்க சர்ச் எஞ்சின் எதைக் கழிக்குதோ அதைத்தான் நாம தேடுறோம். அதனால ரெடிமேட் டூல் எதையாவது இழுத்து ஒட்டுறதைவிட பைதானும் எஸ்கியூலைட்டும் (ஒரே ஃபைல்ல அடங்குற சின்ன டேட்டாபேஸ்) வச்சு நாமளே ஒண்ணு கட்டிக்கறது நல்லதுங்கறது என் கட்சி. பெரிய வேலையும் இல்ல, ஒரு ஃபைல், சில நூறு வரி. கோடு முழுசா இங்க ஒட்டல, எங்க எது எப்படி நடக்குதுன்னு சொல்றேன், படிச்சுட்டு நீங்களே டைப் பண்ணிக்கலாம்.

சிங்கப்பூர்ல இதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 2016ல அறிவிச்சு 2017க்குள்ள அரசாங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்கள்ல நேரடி இன்டர்நெட்டை எடுத்துட்டாங்க, 2018ல சிங்ஹெல்த்துல 1.5 மில்லியன் நோயாளிகளோட விவரம் களவு போனதுக்கப்புறம் பொது மருத்துவமனைகள் பக்கமும் அதே கதை ஆச்சு. அந்த மாதிரி இடத்துக்கு வெண்டர் ஆளாப் போய் உக்காந்தா கைக்குக் கிடைக்கிறது வெளியுலகமே தெரியாத ஒரு மெஷின், போனும் வாசல்ல லாக்கருக்குள்ள. தேக்காவுல தோசைக்கு ஆர்டர் சொல்லிட்டு போன்ல மேனுவல் பாக்குற சொகுசு அங்க கிடையாது. இன்டர்நெட் இல்லாம, பிப் இன்ஸ்டால் (பைதான் பேக்கேஜ் இறக்குறது) இல்லாம, ஒண்ணு ரெண்டு ஃபைலா எடுத்துட்டுப் போய் வச்சா ஓடணும். இதை மனசுல வச்சுத்தான் கீழ உள்ள முடிவு எல்லாம்.

ஃபைல்ல வார்த்தை தேடுற கிரெப் கமாண்டு போதாதான்னு கேப்பீங்க. சின்ன அளவுக்குப் போதும், அதைவிட வேகமான ரிப்கிரெப் இருந்தா இன்னும் ஜோர். ஆனா கிரெப் வரியைத்தான் காட்டும், எது முக்கியமான வரின்னு அதுக்குத் தெரியாது. சர்டிஃபிகேட்னு ஓபன்எஸ்எஸ்எல் (என்கிரிப்ஷன் டூல்) டாக்ஸ்ல கிரெப் பண்ணிப் பாருங்க, ஸ்கிரீன் நிக்காம ஓடும். வரிசைப்படுத்தி மேல நாலஞ்சு மட்டும் காட்டணும், அதுக்குத்தான் இண்டெக்ஸ்.

டாக்ஸைச் சேக்குறது

வெப்சைட்ல இருக்குற எச்டிஎம்எல்லை இழுக்காதீங்க, சோர்ஸை எடுங்க. இது அழகுக்குச் சொல்றது இல்ல, காரணம் இருக்கு. டாக்குமெண்ட் கட்டுற ஸ்ஃபிங்ஸ் மாதிரி டூல் எச்டிஎம்எல் பண்றப்போ சாதாரண வாக்கியத்துல வர்ற ரெண்டு ஹைஃபனை ஒரு நீளக் கோடா மாத்திடும், படிக்க நல்லா இருக்கும், ஆனா அது ரெண்டு ஹைஃபன் போட்ட ஆப்ஷனா இருந்தா போச்சு, நாம டைப் பண்றது ஒண்ணு, டேட்டாபேஸ்ல இருக்குறது வேற ஒண்ணு. சுரிகாட்டா யூசர் கைடு அவங்க ரெப்போவுக்குள்ளயே ஆர்எஸ்டி ஃபைலா இருக்கு, ஓபன்எஸ்எஸ்எல் மேனுவல் எல்லாம் பாட் ஃபார்மேட்ல டாக் ஃபோல்டருக்குள்ள மேன்1, மேன்3, மேன்5, மேன்7னு பிரிச்சு வச்சிருக்காங்க. சோர்ஸ் வெர்ஷன்களை வச்சிருக்குற கிட்ல எந்த வெர்ஷன் வேணுமோ அந்த டேகை செக்கவுட் பண்ணி எடுத்துக்கோங்க.

மேன் பேஜை (கமாண்டுக்கான மேனுவல் பக்கம்) டெக்ஸ்டா மாத்துறப்போ மூணு விஷயம் பாக்கணும். ஒண்ணு, மேன் கமாண்டு வரிக் கடைசில வார்த்தையை உடைச்சு ஹைஃபன் போடும், அதை நிறுத்த --நோ-ஹைஃபனேஷன் ஆப்ஷன் இருக்கு, வரியை இழுத்து நேராக்குற வேலையை நிறுத்த --நோ-ஜஸ்டிஃபிகேஷன். ரெண்டு, அகலத்துக்கு மேன்விட்த்ங்கற என்விரான்மெண்ட் வேரியபிள்ல பெரிய நம்பரா கொடுத்துடுங்க. மூணாவதுதான் வில்லங்கம். யூடிஎஃப்-8 டெர்மினல்ல சில சிஸ்டத்துல ஹைஃபனுக்குப் பதிலா யூனிகோடு ஹைஃபன் வந்து உக்காரும், கண்ணுக்கு அப்படியே ஒண்ணு போலத்தான் தெரியும், ஆனா கீபோர்டுல நாம அடிக்கிற ஹைஃபன் அது இல்ல. யூனிகோடு எண் 2010, 2011, 2212 மூணையும் சாதாரண ஹைஃபனா மாத்துற ஒரு வரி உங்க கிளீனிங் ஃபங்ஷன்ல கண்டிப்பா இருக்கணும். இதை விட்டுட்டா ரிசல்ட் வராம மண்டையைப் பிச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க, எரர் ஒண்ணும் காட்டாது.

துண்டு போடுறது

ஒரு ஃபைலை ஒரு ரெக்கார்டா வைக்காதீங்க. என்மேப் மேன் பேஜ் முழுசா ஒரே பேஜ்தான், ஃபைல் பேரை மட்டும் ரிசல்ட்டா காட்டினா யாருக்கு என்ன பிரயோஜனம். ஹெட்டிங் வாரியா வெட்டுங்க. ஒவ்வொரு துண்டோடயும் புராடக்ட் பேர், வெர்ஷன், ஃபைல் பாத், எந்த வரில ஆரம்பிக்குது, மேல இருந்து ஹெட்டிங் வரிசை (உதாரணத்துக்கு "ரூல்ஸ், எச்டிடிபி கீவேர்ட்ஸ், யூஆர்ஐ"ன்னு) எல்லாம் சேத்து வைங்க. ஹெட்டிங் வரிசை இல்லாத துண்டு ரிசல்ட்ல வந்தா எதைப் பத்திப் பேசுதுன்னே புரியாது.

அதுக்கு மேல மேன் பேஜ்ல ஒவ்வொரு ஆப்ஷனையும் தனித் துண்டா எடுக்கணும். ஸ்பேஸ்ல ஆரம்பிச்சு, உடனே ஒண்ணோ ரெண்டோ ஹைஃபன் வந்து, அப்புறம் எழுத்தோ நம்பரோ வந்தா அது ஆப்ஷன் வரி, அடுத்த ஆப்ஷன் வரி வர்ற வரைக்கும் உள்ளது அதோட விளக்கம். ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஒண்ணு போதும், ஆனா பிரிக்கிற இடத்துல கவனமா இருங்க. பெரும்பாலான மேன் பேஜ் கமா போட்டு குறும் வடிவம், நீள வடிவம்னு கொடுக்கும், ஓபன்எஸ்எஸ்எல்ல ஆர்கியுமெண்ட்டுக்கு நடுவுல பைப் குறி வரும், என்மேப்ல செமிகோலன். மேல சொன்ன நல் ஸ்கேனே அங்க தனியா ஹெட்டிங்கா இல்ல, நல், ஃபின், எக்ஸ்மாஸ் மூணு ஸ்கேனையும் ஒரே வரில செமிகோலன் போட்டு அடுக்கி, அடைப்புக்குள்ள மூணோட பேரும் போட்டிருக்காங்க. கமாவை மட்டும் பாத்துப் பிரிச்சீங்கன்னா மூணும் சேந்து ஒரே விசித்திரமான ஆப்ஷனா உள்ள போயிடும், தனித்தனியாத் தேடினா கிடைக்காது.

ரெண்டு டேபிள், ரெண்டு குணம்

இங்கதான் கொஞ்சம் நிதானமா உக்காரணும், மொத்த டூலோட உசுரும் இங்கதான் இருக்கு.

முதல் டேபிள் ஆப்ஷனுக்கு. சாதாரண எஸ்கியூலைட் டேபிள், ஃபுல் டெக்ஸ்ட் எதுவும் வேண்டாம். ஒரு ஃபீல்டுல ஆப்ஷன் அப்படியே ஹைஃபனோட, இன்னொண்ணுல எந்தத் துண்டைச் சேந்ததுன்னு ஐடி. எஸ்கியூலைட்ல சமக்குறி போட்டு ஒப்பிட்டா டிஃபால்ட்டா பெரிய எழுத்து சின்ன எழுத்து வேற வேறன்னு பாக்கும், அது நமக்கு சாதகம். பாதி ஆப்ஷன் மட்டும் ஞாபகம் இருக்குறவங்களுக்கு முன்பகுதி வச்சுத் தேடுற வசதி கொடுக்கறப்போ லைக் போடாதீங்க, லைக் டிஃபால்ட்டா இங்கிலீஷ் எழுத்துல பெருசு சின்னது பாக்காது, திரும்ப முதல் பாராவுல சொன்ன சிக்கலுக்கே போய் நிப்பீங்க. குளோப் போடுங்க, அது பாக்கும்.

ரெண்டாவது டேபிள் வார்த்தைத் தேடலுக்கு, எஃப்டிஎஸ்5, அதாவது எஸ்கியூலைட்டோட ஃபுல் டெக்ஸ்ட் தேடல் வசதி. எஸ்கியூலைட் 3.9ல, 2015ல வந்தது, இப்ப பெரும்பாலான பைதான் இன்ஸ்டால்ல கூடவே வருது. ஹெட்டிங்குக்கு ஒரு ஃபீல்டு, உடம்புக்கு ஒரு ஃபீல்டு, பாத், வரி எண், வெர்ஷன் எல்லாம் அன்இண்டெக்ஸ்டுன்னு குறிச்சு வைங்க, இல்லன்னா வெர்ஷன் நம்பர்கூட தேடல்ல வந்து குழப்பும்.

டெக்ஸ்டை வார்த்தை வார்த்தையா (டோக்கனா) வெட்டுற டோக்கனைசர் எதைப் போடுறதுங்கறதுதான் கேள்வி. டிஃபால்ட் யூனிகோடு61. ஹைஃபன், புள்ளி, அண்டர்ஸ்கோர் எல்லாத்தையும் இடைவெளி மாதிரி நெனச்சு வெட்டும். நெட்ல பலபேர் டோக்கன்சார்ஸ் ஆப்ஷன்ல இந்தக் குறி எல்லாத்தையும் சேத்துடுங்கன்னு சொல்வாங்க. சேத்துப் பாருங்க, வாக்கியம் முடியிற இடத்துல எச்டிடிபி.யூஆர்ஐன்னு இருந்தா கடைசிப் புள்ளியும் வார்த்தையோட ஒட்டிக்கிட்டு வேற டோக்கனாயிடும், தேடினா வராது. அதனால டிஃபால்ட்டாவே விடுங்க. கேள்வியை டபுள் கோட்ஸுக்குள்ள போட்டா எச்டிடிபி, யூஆர்ஐ ரெண்டும் அடுத்தடுத்து வர்ற இடத்தைத் தேடும், இதுல ஒரு போனஸும் உண்டு: சுரிகாட்டாவுல பழைய ரூல்ல அண்டர்ஸ்கோர் போட்டு எழுதினதை 5ஆம் வெர்ஷன்லேர்ந்து புள்ளி போட்டு எழுதுறாங்க, நம்ம தேடல்ல ரெண்டும் சேந்தே கிடைக்கும். பழைய ரூல் ஃபைலைக் கையில வச்சுக்கிட்டுப் புது டாக்குமெண்ட்ல தேடுறவங்களுக்கு இது எவ்வளவு நிம்மதின்னு சொல்லத் தேவையில்ல.

துல்லியம் வேணும்னா அதுக்கு அடுத்த படி. எஃப்டிஎஸ் கொடுக்குற முதல் 50, 100 ரிசல்ட்டை பைதான்ல எடுத்து, யூசர் அடிச்ச சரம் குறியோட அப்படியே உள்ள இருக்கான்னு பாருங்க, இருக்குறதை மேல ஏத்துங்க. எஃப்டிஎஸ் வலை வீசும், பைதான் மீனைப் பொறுக்கும். இந்த ரெண்டு கட்ட வேலை டோக்கனைசரோட மல்லுக்கட்டுறதைவிட எவ்வளவோ மேல்.

எழுத்தை மூணு மூணா வெட்டுற ட்ரைகிராம் டோக்கனைசர்னு ஒண்ணு 2020 டிசம்பர்ல வந்த 3.34லேர்ந்து இருக்கு, குறியையும் விடாது, கேஸ் சென்சிட்டிவாவும் வைக்கலாம். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மூணு எழுத்துக்குக் குறைஞ்சதை அதுல மேட்ச் பண்ண முடியாது. ஹைஃபனும் ஒத்தை எழுத்துமா இருக்குற ஆப்ஷன் எத்தனை இருக்குன்னு யோசிங்க. அதனாலதான் ஆப்ஷனுக்குத் தனி டேபிள்னு சொன்னேன்.

போர்ட்டர் ஸ்டெம்மிங் வேண்டவே வேண்டாம். வார்த்தையோட வாலை வெட்டி வேர்ச்சொல்லுக்குக் கொண்டுவர்ற வேலை அது, பொது கட்டுரைக்கு ஓகே. இங்க என்ன ஆகும்னா அத்தாரிட்டி, ஆத்தரைஸ், ஆத்தரைசேஷன் மூணையும் ஆத்தர்னு வெட்டிடும். நிறைய மேன் பேஜ்ல அடில ஆத்தர்ஸ்னு ஒரு செக்ஷன் இருக்கும்ல, அது அத்தனையும் ஆத்தரைசேஷன் தேடுறவங்க முன்னாடி வரிசை கட்டி நிக்கும், அதுவும் ஹெட்டிங்லயே மேட்ச் ஆகுறதால டாப்ல. ஸ்டெம்மிங்குக்குப் பதிலா கடைசில நட்சத்திரம் போட்டா முன்பகுதித் தேடல்னு வச்சுக்கோங்க. ஆத்தர்ஸ், காப்பிரைட் செக்ஷன்களை இண்டெக்ஸ்லேர்ந்தே தூக்கிடுங்க.

தமிழ்ல நோட்ஸ் எழுதுறவங்களுக்கு

டாக்ஸ் மட்டும் இல்ல, டீம்ல நாமளே எழுதி வைக்கிற குறிப்புகளையும் இதே டூல்ல போட்டா வசதி, அதுல பாதியை நான் தமிழ்லதான் எழுதுவேன். இங்க ஒரு பள்ளம் இருக்கு, தமிழ் தெரிஞ்சவங்களுக்குத்தான் தட்டுப்படும். யூனிகோடு61 டிஃபால்ட்டா எழுத்து, எண், பிரைவேட் யூஸ் இந்த வகைகளைத்தான் டோக்கனா எடுத்துக்கும். நம்ம துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடுல மார்க் வகை. அதனால அதெல்லாம் இடைவெளின்னு நெனச்சு வெட்டிடும். விதின்னு எழுதினா வ, த னு ரெண்டு டோக்கனாப் போகும், விதியைத் தேடினா வீதியும் வரும், வாதியும் வரும், வேதியும் வரும். கேட்டகரீஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுல டிஃபால்ட் வகைகளோட மார்க் வகைகளான எம்என், எம்சி ரெண்டையும் சேத்துட்டா வார்த்தை முழுசா நிக்கும். கூடவே உள்ள போற டெக்ஸ்ட், வர்ற கேள்வி ரெண்டையும் என்எஃப்சிக்கு (யூனிகோடோட சேர்த்து எழுதுற வடிவம்) நார்மலைஸ் பண்ணிடுங்க, கொ, கோ எழுத்துகளோட கொம்பையும் காலையும் சில கீபோர்டு ரெண்டு துண்டா அடிக்கும்.

கேள்வியை வாங்குறது

யூசர் அடிச்சதை அப்படியே எஸ்கியூஎல்ல மேட்சுங்கற சொல்லுக்குப் பின்னாடி ஒட்டாதீங்க. சிவிஇ-2021-44228னு, அதான் 2021 டிசம்பர்ல எல்லாரோட தூக்கத்தையும் கெடுத்த லாக்4ஷெல், அதைக் கோட்ஸ் இல்லாம கொடுத்துப் பாருங்க. எஃப்டிஎஸ்5க்குன்னு தனி கேள்வி மொழி இருக்கு, அதுல ஹைஃபனுக்கு வேற அர்த்தம், டேபிள்ல அப்படி ஒரு ஃபீல்டே இல்லைன்னு சம்பந்தமில்லாத எரர் ஒண்ணைத் தூக்கிப் போடும். ஸ்பேஸ் வாரியாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டையும் டபுள் கோட்ஸுக்குள்ள போட்டு (கடைசி நட்சத்திரம் மட்டும் கோட்ஸுக்கு வெளிய), உள்ளயே டபுள் கோட்ஸ் இருந்தா அதை இரட்டிச்சு, அப்புறம் கேள்விக்குறி பாராமீட்டரா பைண்ட் பண்ணுங்க. செக்யூரிட்டி டாக்ஸ் தேடுற டூல்லயே எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் இருந்தா ஆபீஸ்ல ஆயுசு முழுக்கக் கலாய்ப்பாங்க. ஆண்ட், ஆர், நியர் எல்லாம் போட்டுத் தேடத் தெரிஞ்சவங்களுக்கு --ரா னு ஒரு ஆப்ஷன் தனியா வச்சுடலாம்.

அடுத்து ஆர்க்பார்ஸ், கமாண்டு வரியைப் பிரிச்சுக் கொடுக்குற பைதான் லைப்ரரி. ஹைஃபன்ல ஆரம்பிக்கிற எதையும் அது நம்ம டூலோட ஆப்ஷன்னு நெனச்சுக்கும், தெரியாத ஆப்ஷன்னு கத்திட்டு வெளிய போயிடும். வெறும் ரெண்டு ஹைஃபன் போட்டுட்டு அப்புறம் கேள்வியை அடிக்கிறது முறையான வழிதான், ஆனா ராத்திரி ஷிஃப்ட்ல அலர்ட் குவிஞ்சு கிடக்குறப்போ யாருக்கு ஞாபகம் இருக்கும். ஃபிளாக்னு ஒரு சப்கமாண்டு வைங்க, அந்த வார்த்தை வந்தா ஆர்க்பார்ஸைத் தொடாம மிச்சம் இருக்குறதை சிஸ் ஆர்க்விலேர்ந்து (அடிச்சது அப்படியே இருக்குற பைதான் லிஸ்ட்) நேரா எடுத்து ஆப்ஷன் டேபிள்ல தேடுங்க.

ஷெல் பண்ற சேட்டையையும் ஹெல்ப் டெக்ஸ்ட்ல முதல் வரியாப் போட்டு வைங்க. சுரிகாட்டாவுல $ஹோம்_நெட் னு ஒரு வேரியபிள், அதைத் தேட டபுள் கோட்ஸுக்குள்ள அடிச்சா ஷெல் அதைத் தன்னோட வேரியபிள்னு நெனச்சு வெறுமையாக்கிடும், நம்ம டூலுக்குக் காலியான கேள்விதான் வந்து சேரும். சிங்கிள் கோட்ஸ் போடச் சொல்லுங்க. காலிக் கேள்வி வந்தா எல்லா ரிசல்ட்டையும் கொட்டாம "கோட்ஸ் பாருங்க"ன்னு ஒரு வரி சொல்லிட்டு நிறுத்துறது நல்லது. எங்க டீம்ல பாலிடெக்னிக் முடிச்சுட்டு புதுசா வந்த தம்பி ஒருத்தன் "அண்ணே, இது ஒண்ணுமே காட்ட மாட்டேங்குதுண்ணே"ன்னு கூப்பிட்டது இதுக்குத்தான்.

வரிசை, அப்புறம் காட்டுறது

எஃப்டிஎஸ்5ல பிஎம்25ங்கற ரேங்கிங் ஃபார்முலா உள்ளயே இருக்கு. சின்ன நம்பர்தான் நல்ல மேட்ச், ஏன்னா ஸ்கோரை மைனஸாக்கிக் கொடுக்குது, ஏறுவரிசைல அடுக்குங்க, தலைகீழா அடுக்கிட்டு ரேங்கிங் மோசம்னு திட்டாதீங்க. ஃபீல்டு வாரியா வெயிட் கொடுக்கலாம், ஹெட்டிங்குக்குப் பத்து, உடம்புக்கு ஒண்ணுன்னு ஆரம்பிங்க. சேஞ்ச்லாக் துண்டுகளைக் கடைசிக்குத் தள்ளுங்க, ஆப்ஷன் பேர் அதுல சும்மா சும்மா வரும், விளக்கம் இருக்காது. ஸ்னிப்பெட் ஃபங்ஷன் மேட்ச் ஆன இடத்தைச் சுத்தி வெட்டிக் கொடுக்கும், 64 டோக்கன் வரைக்கும்தான் அதுல கேக்க முடியும், அதுவே தாராளம்.

வெக்டர் சர்ச், எம்பெடிங் எல்லாம் போடலாமேன்னு கேக்குறவங்களுக்கு: அர்த்தம் கிட்ட இருக்குறதைக் கண்டுபிடிக்க அது நல்லது, ஆனா அதே குணத்தால சின்ன என்னும் பெரிய என்னும் அதுக்குப் பக்கத்து வீடு. ஜிபியூ இல்லாத, நெட் இல்லாத மெஷின்ல மாடலைச் சுமந்துட்டுப் போறதும் வீண் வேலை. முதல்ல இதைக் கட்டுங்க, போதலைன்னா அப்புறம் பாக்கலாம்.

அவுட்புட்ல கிரெப் பழக்கத்தையே வைங்க: கிடைச்சா எக்ஸிட் கோடு 0, கிடைக்கலைன்னா 1, எரர்னா 2. ஸ்கிரிப்ட்ல வச்சு ஓட்டுறவங்க வாழ்த்துவாங்க. டெர்மினலுக்குப் போனா கலர், பைப்புக்குப் போனா கலர் வேண்டாம், நோ_கலர் வேரியபிள் இருந்தா எங்கயும் வேண்டாம். பாத், கோலன், வரி எண் இந்த வரிசைல போட்டா எடிட்டர் பலதுல கிளிக் பண்ணி நேரா அங்க போயிடலாம். ஹெட் கமாண்டுக்குப் பைப் பண்ணா நடுவுல பைப் உடைஞ்சு பைதான் ஒரு நீள ட்ரேஸ்பேக் கக்கும், புரோக்கன்பைப் எரரைப் பிடிச்சு அமைதியா முடிச்சுடுங்க.

ஒரு விஷயம் பலரும் விட்டுடுறாங்க. டாக்குமெண்ட்ல இருக்குறதை அப்படியே டெர்மினல்ல பிரிண்ட் பண்ணாதீங்க. எஸ்கேப் கேரக்டர், அதாவது எண் 27, அது உள்ள இருந்தா டெர்மினலுக்கு அது டெக்ஸ்ட் இல்ல, கட்டளை. விண்டோ தலைப்பை மாத்தலாம், மேல உள்ள வரியை அழிச்சு வேற மாதிரி காட்டலாம். மேனுவல்ல யார் அதைப் போடப் போறாங்கன்னு நெனைக்காதீங்க, டீம் நோட்ஸ்ல அட்டாக் லாகை அப்படியே காப்பி பண்ணி ஒட்டியிருப்பாங்க, அந்த லாகை எழுதினது யாரு? அட்டாக்கர்தான். டேப், நியூலைன் தவிர 32க்குக் கீழ உள்ளது, 127, அப்புறம் 128லேர்ந்து 159 வரைக்கும் உள்ளது எல்லாத்தையும் பிரிண்ட் பண்றதுக்கு முன்னாடி வடிகட்டுங்க. நம்ம கலர் கோடை வடிகட்டினதுக்கு அப்புறம்தான் சேக்கணும், வரிசை மாறினா கலரும் போயிடும்.

பிரிச்சு வச்ச நெட்வொர்க்குக்குள்ள கொண்டு போறது

ஸ்டாண்டர்டு லைப்ரரியைத் தவிர எதையும் இம்போர்ட் பண்ணாம எழுதியிருந்தா பைதானோட ஜிப்ஆப் வச்சு கோடை ஒரே ஃபைலாக்கிடலாம், டேட்டாபேஸ் இன்னொரு ஃபைல், மொத்தம் ரெண்டு. உள்ள கொண்டு போக அந்தந்த இடத்துல ஒரு ஃபைல் டிரான்ஸ்ஃபர் முறை வச்சிருப்பாங்க, அந்த வழியாவே போங்க, ரெண்டு ஃபைலோட எஸ்எச்ஏ-256ஐயும் (ஃபைல் மாறலைன்னு காட்டுற கைரேகை எண்) சேத்துக் கொடுத்தா அனுமதி கொடுக்குறவருக்கும் வேலை சுலபம். லாகின் போட்டுத்தான் எடுக்கணும்னு வெண்டர் பூட்டி வச்சிருக்குற பிடிஎஃப் மேனுவலை இதுக்குள்ள போட லைசென்ஸ் இடம் கொடுக்குதான்னு பாத்துக்கோங்க.

அந்தப் பக்கம் டேட்டாபேஸை ரீட் ஒன்லி மோடுல தெறக்கணும், பைதான்ல யூஆர்ஐ வடிவத்துல பாத் கொடுத்து மோடு ஆர்ஓன்னு சேத்தாப் போதும். எழுத முடியாத டிரைவ்ல உக்காந்திருந்தா இம்மியூட்டபிள் 1ம் சேருங்க. டூல் ஆரம்பிக்கறப்பவே எஸ்கியூலைட் வெர்ஷனைச் செக் பண்ணி எஃப்டிஎஸ்5 இல்லைன்னா தெளிவா ஒரு வரி சொல்லி நிறுத்தணும். பழைய ரெட் ஹேட் 7 மெஷின் இன்னும் சில இடத்துல மூலைல முனகிக்கிட்டு இருக்கு, அதுல எஸ்கியூலைட் 3.7.17, எஃப்டிஎஸ்5க்கு முந்தினது. அங்க வேணும்னா எஃப்டிஎஸ்4க்கு ஒரு தனி பில்டு போடுங்க, பிஎம்25 ரெடிமேடா கிடைக்காது, ஆப்ஷன் தேடல் மட்டும் பழுதில்லாம ஓடும்.

வெர்ஷன் விஷயத்துல கறாரா இருங்க. ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1க்கு 2023 செப்டம்பரோட பொது சப்போர்ட் முடிஞ்சாச்சு, ஆனா மெஷின்ல அது முடியல, 3.0 பக்கத்துலயே அதுவும் ஓடிக்கிட்டு இருக்கும். ரெண்டு டாக்ஸையும் இண்டெக்ஸ் பண்ணி, டிஃபால்ட்டா அந்த மெஷின்ல எது இருக்கோ அந்த வெர்ஷனை மட்டும் காட்டுங்க, மெஷின்கிட்டயே கேட்டா சொல்லிடும். --ஆல் போட்டா எல்லாம் வரட்டும்.

கிடைச்ச பதில் சரியான்னு பாக்க என்மேப்பை ஓட்டிப் பாக்கணும்னு தோணும். ஆபீஸ் நெட்வொர்க்லயோ பக்கத்து வீட்டு வைஃபையிலயோ வேண்டாம், அனுமதி இல்லாம அடுத்தவன் மெஷினைத் தொட்டா இங்க கம்ப்யூட்டர் மிஸ்யூஸ் ஆக்ட் இருக்கு. பழகிப் பாக்கன்னே என்மேப் ஆளுங்க ஸ்கேன்மி.என்மேப்.ஆர்க் னு ஒரு மெஷினைத் தெறந்து வச்சிருக்காங்க, அளவா ஓட்டிக்கலாம். இல்ல, உங்க லேப்டாப்லயே ரெண்டு விஎம் (மெய்நிகர் மெஷின்).

டெஸ்ட்டுக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போதும். ஒரு பக்கம் கேள்வி, இன்னொரு பக்கம் முதல் மூணுக்குள்ள வரவேண்டிய ஹெட்டிங். இண்டெக்ஸ் ஒவ்வொரு தடவை புதுசாக் கட்டுறப்பவும் இதை ஓட்டி, ஒண்ணு தவறினாலும் பில்டை நிறுத்துங்க. சின்ன என், பெரிய என் ரெண்டும் முதல் ரெண்டு வரி. சிவிஇ நம்பர் ஒண்ணு, புள்ளி வச்ச ஃபில்டர் ஒண்ணு, டாலர் வேரியபிள் ஒண்ணு, தமிழ் வார்த்தை ஒண்ணு கண்டிப்பா இருக்கணும்.

மிச்சத்தை யூசர்களே சொல்லுவாங்க: ஒண்ணும் கிடைக்காத கேள்விகளை ஒரு லாக் ஃபைல்ல எழுதி வைங்க, வாரம் ஒரு தடவை பாத்து டெஸ்ட் ஃபைலுக்கு ஏத்துங்க. ஆனா அவசரத்துல ஆளுங்க ஐபி அட்ரஸ், சர்வர் பேர், சில சமயம் பாஸ்வேர்டுகூட அந்தக் கேள்விக்குள்ள ஒட்டிடுவாங்க, அதனால அந்த ஃபைலுக்கு பெர்மிஷன் 600 (சொந்தக்காரர் மட்டும் படிக்க, எழுத), அது அந்த நெட்வொர்க்கை விட்டு வெளிய வரக்கூடாது. டெஸ்ட் ஃபைலுக்கு வர்ற கேள்வியைக் காப்பி பேஸ்ட் பண்ணாம கையால திரும்ப டைப் பண்ணி எடுத்துட்டு வாங்க.